தட்டில் வைத்துக் கேட்ட கையெழுத்து

எங்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் என் மாமனார் பெயரில்தான் வருகிறது. அவர் இறந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. சுவரில் மாட்டிய படத்தில் மட்டுமே நான் பார்த்த மனிதர். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் பெயர் என் கைபேசிக்கு வந்துவிடும். நான் கட்டுவேன். கட்டியாயிற்று என்று மறுபடி அவர் பெயரிலேயே ஒரு செய்தி வரும். பெரம்பலூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மீட்டர் இப்படி இறந்துபோனவர்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கும் என்று, வடகம் விற்க ஆரம்பிக்கும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். வீட்டில் சும்மா இருக்க முடியாத சுபாவம் எனக்கு. எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. விலை விழும் மாதங்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். என் மாமியார் அதை நறுக்கி, உளுந்தும் கடுகும் சீரகமும் பூண்டும் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து மாடியில் காயவைப்பார். சாயங்காலம் எடுத்து மறுபடி உருட்டி, மறுநாள் மறுபடி வெயிலில். தாளிக்கும் வடகம். முதலில் உறவினருக்கு, பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு என்று போய், திருச்சியில் ஒரு பெரிய மளிகைக் கடைக்காரர் கேட்கும் அளவுக்கு வந்தது.

"மாசா மாசம் எடுத்துக்குறோம்மா. ஆனா ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லு வேணும். பாக்கெட்டுல உணவுப் பாதுகாப்பு நம்பர் இருக்கணும். இல்லாம உள்ள வைக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் தூங்கியதைவிட இணையதளங்களில் விண்ணப்பம் பூர்த்தி செய்ததுதான் அதிகம். சிறு தொழில் பதிவு சுலபமாக முடிந்தது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் வந்துவிட்டது. ஜிஎஸ்டிதான் என்னைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, சேமித்துவிட்டு, மறுபடி திறந்து பார்ப்பேன். பான் அட்டையில் என் இன்ஷியல் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். தப்பாக எழுதினால் அபராதம் வருமோ, வீட்டுக்கு ஆள் வருவார்களோ. கணவரிடம் கேட்டால், "நீ படிச்சவ. நீயே பயந்தா எப்படி" என்பார். படித்ததனால்தான் பயம் என்று அவரிடம் சொல்வதில்லை. கீழே சிறிய எழுத்தில் இருக்கும் உறுதிமொழியை நான் முழுதாகப் படித்திருந்தேன்.

தொழில் நடக்கும் இடம் சொந்தமா, வாடகையா, உரிமையாளர் சம்மதத்தின் பேரிலா என்று ஒரு கேள்வி. வீடு என்னுடையது இல்லை. ஆகவே சம்மதம் என்று போட்டு, மாமியாரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி, கரண்ட் பில்லோடு சேர்த்து ஏற்றினேன். சில நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மின் இணைப்பு வேறொருவர் பெயரில் உள்ளது, அவருடைய சம்மதம் இணைக்கப்படவில்லை. ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இறந்தவரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருக்கும் ஆடிட்டரிடம் போனேன். ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஜிஎஸ்டி, வருமான வரி வேலைகள் செய்து தருபவர்.

"வாரிசுச் சான்றிதழ் இருக்குதாம்மா?"

இருந்தது. மாமனார் இறந்தபோது வாங்கியது. மாமியார், என் கணவருக்கு மூத்தவரான என் நாத்தனார், பிறகு என் கணவர். மூன்று பேர்.

"அப்ப மூணு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். பத்திரத்துல அடிச்சுத் தாரேன். இன்ன இடத்துல இன்னார் தொழில் செய்ய எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு நாலு வரி. அவ்வளவுதான்." தட்டச்சு செய்துகொண்டே சொன்னார், "கையோட உங்க நாத்தனாகிட்ட ஒரு விடுதலைப் பத்திரமும் வாங்கி வச்சுட்டீங்கன்னா நல்லது. நாளைக்கு பேங்க் லோனு போனா அதத்தான் மொதல்ல கேப்பான்."

விடுதலைப் பத்திரம் என்றால், அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் எழுதிக் கொடுப்பது. "அதெல்லாம் வேண்டாம் சார்" என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணவரிடம் அதையும் சொன்னேன். எதையும் மறைக்கக் கூடாது என்ற நினைப்பில்தான் சொன்னேன். அவர் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தை என் காதில் விழுந்து, ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

நாத்தனாரைக் கட்டிக் கொடுத்த ஊர் செந்துறை. அவர் கணவருக்கு முந்திரிக் கொட்டை வாங்கி விற்கும் வியாபாரம். அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். என் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவர். கல்யாணமான புதிதில் மாமியார் என் ரசத்தைக் குறை சொன்னபோது, "நீ வெச்ச ரசத்தத்தான் அப்பா கொல்லையில ஊத்துவாரே, மறந்துட்டியா" என்று தன் அம்மாவின் வாயை அடைத்தவர். அவரிடம் நாலு வரியில் ஒரு கையெழுத்து வாங்குவது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம் என்றேன்.

"போன்லயா?" என்றார் மாமியார். "பொண்ணுகிட்ட கையெழுத்துக் கேக்கறத போன்லயா கேப்பாங்க. மொறையாப் போவணும்."

முறை என்றால் எனக்குச் சந்தோஷம்தான். முறை தவறிவிட்டேன் என்ற பேச்சு என்மேல் வரக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். மாமியார் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, பழம் எல்லாம் வாங்கிவரச் சொன்னார். வெறும் பழம் மட்டும் கொண்டுபோனால் நன்றாக இருக்காது என்று சேலையைச் சொன்னது நான். கடைத்தெருவில் நானே தேர்ந்தெடுத்தேன், அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை, அண்ணிக்குப் பச்சை பிடிக்கும். கணவருக்கு அன்று பகல் ஷிப்டு. லீவு போட முடியாது என்றார். நானும் மாமியாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் போய், அங்கிருந்து செந்துறை பஸ் பிடித்தோம்.

அண்ணி வீட்டு வாசலில் முந்திரிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. என் மகள் இறங்கி அதன்மேல் ஓடப் பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே வந்து அவளைத் தூக்கினார். "வாங்க, வாங்க. என்ன திடீர்னு? சொல்லியிருந்தா ஒரு கோழிய அடிச்சிருப்பேன்ல."

"உன் வூட்டுக் கோழி தப்பிச்சுதுன்னு வெச்சுக்க" என்றார் மாமியார்.

காபி குடித்தோம். பிறகு மாமியார் பையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்தார். சேலையை விரித்து மடித்து வைத்தார், அதன்மேல் வெற்றிலை, பழம், பூ. கடைசியாக, கசங்காமல் நான் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்த பத்திரத்தை எடுத்துச் சேலைமேல் வைத்தார். இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"இந்தா, கண்ணு. வாங்கிக்க."

அண்ணி தட்டைப் பார்த்தார். இடுப்பில் இருந்த என் மகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"தம்பி வரலையா?"

"அவனுக்கு வேல" என்றார் மாமியார்.

அண்ணியின் கணவர் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "அவன் எப்படி வருவான்? இந்த மாதிரி காரியத்துக்கு ஆம்பள வரமாட்டான். தாயத்தான் அனுப்புவான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு எதுவோ சரியில்லை என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. "அண்ணி, ஜிஎஸ்டி வாங்கறதுக்குங்க. கரண்ட் பில்லு மாமா பேர்ல இருக்கறதால கேக்குறாங்க. ஒருதடவ படிச்சுப் பாத்துட்டு..."

"படிச்சு என்ன ஆவப்போவுது. எங்க போடணும்னு காட்டு."

பழத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பத்திரத்தைத் தரையில் வைத்து, குனிந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே இணைத்திருந்த கரண்ட் பில் நகலிலும் போடச் சொல்லியிருந்தார் ஆடிட்டர். அதில் தன் அப்பா பெயரைப் பார்த்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதிலும் போட்டார். அந்த நகலில் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். சாப்பாடு போட்டார். பேசினார். ஆனால் என் மகளைத் திரும்பத் தூக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் திருப்தியாக இருந்தார். "ஒரு வார்த்த எதுத்துச் சொல்லல, பாத்தியா. என் வயித்துல பொறந்தது அப்படி." கொஞ்ச தூரம் போனதும், "பின்னாடி கொல்லையில வச்சு, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எப்ப வரணும்னு கேட்டா. அதெல்லாம் எனக்கென்ன தெரியும், தம்பி சொல்லுவான்னுட்டேன்" என்றார்.

 சம்மதக் கடிதத்துக்கு யாரும் பத்திரப் பதிவு அலுவலகம் போவதில்லை. விடுதலைப் பத்திரத்துக்குத்தான் போக வேண்டும். போய் எல்லார் முன்னாலும் கட்டை விரல் ரேகை வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். அண்ணி எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது அவர் கணவர் எடுத்தார். அவ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கா என்றார். நான் அவசர அவசரமாக விளக்கினேன். இது சொத்துக் காகிதம் இல்லை அண்ணே, வெறும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வீட்டில் அண்ணியின் பங்கு அப்படியேதான் இருக்கிறது என்றெல்லாம். குழந்தைக்குச் சொல்வதுபோல "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா. பொறந்த வூட்டுல கேட்டா பொண்ணு போட்டுத்தான் குடுக்கணும். நீங்க நல்லா இருங்க."

நீங்க நல்லா இருங்க. அதற்குமேல் என்ன பேசுவது?

பதிலை ஏற்றினேன். பதிவு எண் வந்துவிட்டது. சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் பார்வையாக மாட்ட வேண்டும் என்பது சட்டம். வாசல் பலகையிலும் எண்ணை எழுத வேண்டும். கூடத்தில் ஆணி இருந்த ஒரே சுவர் மாமனார் படம் இருந்த சுவர்தான். படத்துக்குப் பக்கத்தில் கணவர் மாட்டினார். திருச்சிக்கு முதல் சரக்கு போனது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் பேனா நின்ற அந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

ஒருவேளை நான் வீணாகக் கற்பனை செய்கிறேனோ என்றும் நினைத்தேன். எனக்கு அந்தக் குணம் உண்டு. குழந்தை ஒரு வேளை பால் குடிக்காவிட்டால் மூன்று வியாதி யோசித்துவிடுவேன். அண்ணிக்கு வேலை இருந்திருக்கும், அதனால் போன் எடுக்கவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே தை மாதம் வந்தது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் என் கணவர் செந்துறைக்குச் சீர் கொண்டுபோவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை. அந்த வருஷமும் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, வண்டியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார். கரும்பு, அரிசி, வெல்லம், எல்லாம் அப்படியே. அதற்கு மேலே அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை, மடிப்புக் கலையாமல்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சோறு போட்டுச்சு. நல்லாத்தான் பேசிச்சு. கெளம்பும்போது, இனிமே சீரு வேணாம் தம்பி, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல, அப்படின்னுச்சு."

மாமியார் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார். "எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. எங்கண்ணன் வரல. எங்கம்மாதான் தட்டெடுத்துக்கிட்டு வந்துச்சு. சேல, பழம், பத்திரம். கைநாட்டு வெச்சுக் குடுத்தேன். கையெழுத்துக் கேக்கறதுன்னா அப்படித்தான் கேக்கணும்னு நெனச்சுட்டேன்மா. உன் காயிதத்துக்கு முன்னாடி வேற எதுல நான் கைநாட்டு வெச்சேன், சொல்லு?"

அதற்குப் பிறகு அவர் பிறந்த ஊருக்கு எத்தனை முறை போயிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் வந்ததிலிருந்து ஒருமுறைகூடப் போனதில்லை.

கணவரிடம் சொன்னேன், "நீங்க அண்ணிகிட்டப் பேசுங்க."

"பேசினேனே. வடகத் தொழிலுக்குத்தான் அது, வேற ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"வீட்டுல அவங்களுக்குப் பங்கு இருக்குதுன்னு சொன்னீங்களா?"

"அத யாரு இப்பக் கேட்டா?"

"சொன்னீங்களா, இல்லையா?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூலையில் உட்கார்ந்திருந்த அந்தப் 'பாக்கலாம்' எழுந்து நின்றது போலிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அக்காவிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று நினைக்கிறவர் இல்லை. ஆனால் அக்கா கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு என்று ஓடிப்போய்ச் சொல்லவும் மாட்டார். அப்படியென்றால் நான்? ஆடிட்டர் சொன்னதை எதற்காக வீட்டில் வந்து சொன்னேன்? மறைக்கக் கூடாது என்பதற்காகவா? இந்த வீடு நாளைக்கு என் மகளுக்கு வரும் என்று என் மனதிலும் எங்கேயோ ஒரு கணக்கு ஓடியதா? எத்தனை முறை கேட்டாலும் எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. என் மகளும் பெண்தானே என்ற நினைப்பு மட்டும் வந்து வந்து போனது. அவளுக்கும் ஒருநாள் யாராவது தட்டு கொண்டுவருவார்கள்.

அந்த வாரமே ஆடிட்டரிடம் போய், தொழில் இடத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கற ரிஜிஸ்ட்ரேஷன எதுக்கும்மா நோண்டுறீங்க? சொந்த வூட்ட விட்டுட்டு வாடகைக்கா? உணவுப் பாதுகாப்புல மாத்தணும், சிறு தொழில் பதிவுல மாத்தணும், பேங்குல மாத்தணும். அச்சடிச்ச பாக்கெட்டு எல்லாம் வீணு."

"பரவால்லங்க சார்."

"வூட்டுல எதுவும் பிரச்சினையா?"

"இல்லங்க. எடம் பத்தல" என்றேன்.

சிறுவாச்சூர் போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மொட்டை மாடியோடு ஒரு அறை கிடைத்தது. வாடகை ஒப்பந்தம் என் பெயரில் எழுதினோம். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா, கரண்ட் பில் அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று முதலில் நான் கேட்டபோது அறையைக் காட்டியவர் விழித்தார். "நான்தாம்மா அது. உசுரோடதான் இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. திருத்தம் ஏற்கப்பட்டு, புது முகவரியோடு சான்றிதழ் வந்தது. கூடத்தில் மாட்டியிருந்ததை நானே இறக்கினேன். சுவரில் மாமனார் படம் மறுபடி தனியாக நின்றது.

பத்திரத்தின் அசல் என்னிடம்தான் இருந்தது. இனி அது தேவையில்லை. அதை எடுத்துக்கொண்டு, மாமியாரிடம்கூட விவரமாகச் சொல்லாமல், மகளோடு செந்துறைக்குப் போனேன். வழியெல்லாம் கை குறுகுறுத்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவளைத் தாண்டிப்போய்விட்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். வாங்கவில்லை.

அண்ணி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார்.

"என்ன, இந்தத் தடவ தட்டக் காணோம்?"

"இல்லங்க அண்ணி. இத மட்டும் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நீட்டினேன். வாங்கவில்லை. பக்கத்தில் தரையைக் காட்டினார். அங்கே வைத்தேன். புது வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். இடம் மாறிவிட்டது, இந்தக் கடிதம் இனி எதற்கும் செல்லாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கிழித்துப் போட்டாலும் சரி. நான் பேசி முடித்தபிறகு முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பத்திரத்தை எடுத்தார். பத்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். கடைசியில் தன் கையெழுத்துக்கு வந்து நின்றார்.

"இவ்வளவுதானா இதுல?"

"இவ்வளவுதாங்க அண்ணி. அன்னைக்கே சொன்னேன்..."

"நீ சொன்ன." பத்திரத்தை அதே மடிப்பில் மடித்தார். "அவன் சொல்லலயே."

  என் மகள் போய் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி அவளைத் தூக்கவில்லை. ஆனால் தலையில் ஒட்டியிருந்த ஒரு தூசியை எடுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழம புது எடத்துல வெளக்கேத்தறோம். நீங்கதான் வந்து ஏத்தணும்."

"பாக்கலாம்" என்றார். அக்காவும் தம்பியும் அந்த வார்த்தையை ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகு காலம் வந்துவிடும் என்று கணவர் அவசரப்படுத்தினார். கடைசியில் நானே ஏற்றினேன். முதல் குச்சி அணைந்துவிட்டது. அதற்கும் ஒரு அர்த்தம் இருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இப்போது காலையில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புது இடத்துக்குப் போகிறேன். நான் கிளம்பும்போது அவள் அழுகிறாள். வீட்டு மாடி சும்மா கிடக்கிறது. நான் செய்தது சரியா, யாருக்காகச் செய்தேன் என்று வடகம் உருட்டும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்காக என்றால், அவர் இன்னும் வரவில்லை.

போன வாரம் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய், புது இடத்து மாடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. மாமனார் பெயர். இந்த முறைக்கான கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது, நன்றி. நான் கட்டவில்லை. இன்னும் கடைசித் தேதி வரவில்லை என்று விட்டிருந்தேன். கணவருக்குப் போன் செய்தேன். நான் ஏன் கட்டப்போறேன் என்றார். மாமியாருக்கு மின் இணைப்பு எண்கூடத் தெரியாது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அன்று அண்ணி எடுத்து வைத்துக்கொண்ட அந்தக் கரண்ட் பில் நகல்.

முதல் அழைப்பிலேயே எடுத்தார்.

"அண்ணி, கரண்ட் பில்லு நீங்களா கட்டினீங்க?"

"ஆமா."

"எதுக்குங்க அண்ணி, நாங்க..."

"எங்கப்பா பேர்லதான வருது" என்றார். பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது. "புள்ள சாப்புட்டாளா?"

"இன்னும் இல்லங்க."

"ஊட்டு மொதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமியாரிடம் சொன்னபோது அவர் அழுதார். கணவர் ரொம்ப நேரம் மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அன்பா, உரிமையா, எங்களுக்கு விழுந்த அறையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து அடுத்த பில் வரும். வந்ததும் வழக்கம்போல நான் கட்டிவிடலாமா, இல்லை கடைசித் தேதிவரை கட்டாமல் காத்திருக்கலாமா என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.